இடது இறக்கையின் ஓரம்

வெங்கடகிருஷ்ணன் விமானம் கட்டும்படி ஆனது ஒரு மஞ்சள் நிற ஒட்டுச் சீட்டால்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவர் டெலிவரி மேனேஜர். ஒரு வருடம் மேனேஜர்கள் முப்பது பேரையும் ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து, வாழ்க்கையில் நீங்கள் எதைக் கட்டி எழுப்ப ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இருபத்தொன்பது பேர் ‘சிறந்த அணிகளை’ என்று எழுதினார்கள். வெங்கடகிருஷ்ணனும் அதைத்தான் எழுதத் தொடங்கினார். முதல் சொல் முடிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரின் சீட்டு கண்ணில் பட்டுவிட்டது. அடித்துவிட்டு ‘விமானம்’ என்று எழுதினார். ஏன் விமானம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சற்று முன்னால் தலைக்கு மேலே ஒன்று போயிற்று.

அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டினார்கள். கம்பெனியின் துணைத் தலைவர் அதன் முன்னால் நின்று கை தட்டினார். அடுத்த வாரக் கூட்டத்தில், “நம்மிடையே விமானம் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார்” என்று நிகழ்காலத்திலேயே சொன்னார். அதற்கடுத்த மாதம் அமெரிக்க வாடிக்கையாளரிடமும் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் முதலில் விமானத்தை விசாரித்துவிட்டுத்தான் தாமதமான வேலையை விசாரித்தார். இதனால் தாமதமான வேலைக்கு நேரம் குறைந்தது. கம்பெனிக்கு விமானத்தின் மேல் பெரும் மதிப்பு வந்தது.

பத்தொன்பது வருட வேலையில் வெங்கடகிருஷ்ணன் எதையும் முடியாது என்று சொன்னதில்லை; தேதியைத் தள்ளிப்போட்டதுதான் உண்டு. விமானத்தையும் எட்டு மாதம் தள்ளிப் பார்த்தார். அப்புறம் வழியில்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு கிட் வாங்கினார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அலுமினியத் தகடுகள், குழாய்கள், பை பையாக ரிவெட் ஆணிகள், ஐந்நூறு பக்கத்தில் ஒரு கையேடு எல்லாம் மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் வந்தன.

அவர் மனைவி தமயந்தி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கையேட்டின் முதல் பக்கத்தை நின்றவாக்கில் படித்துப் பார்த்தாள்.

“இதுல, பாதி வேலைக்கு மேல கட்டுறவரே தன் கையால செஞ்சிருக்கணும்னு போட்டிருக்கே. உங்க கையாலயா?”

“ஆமா.”

“நம்ம பாத்ரூம் குழாய் ஆறு மாசமா ஒழுகுது.”

“அது மெயிண்டெனன்ஸ், தமயந்தி. இது ப்ராஜெக்ட்.”

பெட்டிகளை அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தன் கார் நிறுத்தும் இடத்தில் இறக்கினார். மறுநாள் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் அறுபத்து மூன்று செய்திகள். மொட்டை மாடியில் இறக்கினால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பெயருமா என்று நான்காம் மாடிக்காரர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் கூட்டினார்கள். விதிப்புத்தகத்தில் இரு சக்கர வாகனம், நான்கு சக்கர வாகனம் என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

“இதுக்கு எத்தனை வீல் சார்?” என்று கேட்டார் செயலாளர்.

“மூணு.”

“அப்ப ஆட்டோ கணக்குல வருது. ஆட்டோ உள்ள நிக்கக் கூடாதுன்னு போன வருஷமே தீர்மானம் போட்டாச்சு.”

ஆக, விமானம் அடுகோடிக்குப் போயிற்று. ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கோவிந்தப்பா என்பவரின் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். ஒரு பக்கம் சோபா தைக்கும் கடை. இன்னொரு பக்கம் கேத்தரினின் பட்டறை.

கேத்தரின் விவேக் நகர்க்காரர்; நாற்பது வயது. அந்தப் பட்டறையில் பில் போடுகிறவராகச் சேர்ந்து, தகடு வளைக்கும் மெஷினில் நிற்க ஆரம்பித்து, முதலாளி மஸ்கட்டில் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டபோது பட்டறையைத் தானே எடுத்துக்கொண்டவர். ஓட்டல் அடுப்புக்கு மேலே தொங்கும் புகைக்கூண்டுதான் அங்கே முக்கியமான சரக்கு. ஊரில் யாரும் வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டதால், சாப்பாடு கட்டி அனுப்பும் சமையலறைகள் தெருவுக்கு நாலு முளைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூண்டு வேண்டும். கேத்தரினுக்குத் தலை நிமிர நேரமில்லை.

முதல் வாரமே கேத்தரின் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“சார், உங்க பெட்டி நம்ம கேட்டை அடைச்சுகிட்டிருக்குது. டெம்போ உள்ள வரல. ஸ்வல்ப தள்ளி வெச்சுக்கிறீங்களா?”

வெங்கடகிருஷ்ணன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். ஐந்து விரலைக் காட்டினார். கேத்தரின் ஐந்து நிமிடம் காத்திருக்கிற ஆளில்லை. பெட்டியைத் தானே தள்ளினார். பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த வால் துண்டு சரிந்தது. பிடிக்கக் கை நீட்டினார். அதன் ஓரம் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

வெங்கடகிருஷ்ணன் கூட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார். கேத்தரின் தன் கையைப் பார்க்கவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அந்த ஓரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பதினாலு வருஷமா தகட்டுல கை வெக்கிறேன் சார். என்னைக் கிழிச்ச முதல் தகடு இதுதான். என்ன சாமான் இது?”

“ஏரோப்ளேன் மேடம்.”

“ஓ” என்றார் கேத்தரின். “எந்த ஓட்டலுக்கு?”

நிஜமாகவே பறக்கப் போகிற விமானம் என்று புரிய வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கேத்தரின் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

இங்கே ஓரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தகட்டை வெட்டினால் வெட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அரத்தால் ராவி, எமரி பேப்பரால் தேய்த்து, விரல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஆக்க வேண்டும். விட்டுவிட்டால் என்றைக்காவது அந்தப் பிசிறிலிருந்து விரிசல் கிளம்பும். இது முதல் வேலை. அடுத்தது இன்னும் நுணுக்கமானது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி ரிவெட் அடிக்கும்போது, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் மேல் தகட்டின் ஓரம் வாயைத் திறந்துகொள்ளும். அப்படி ஆகாமலிருக்க, முன்கூட்டியே அந்த ஓரத்தை நெடுக ஓர் இம்மி உள்பக்கமாக மடக்கி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் மடிப்பு. இதற்கென்றே இரண்டு சின்ன உருளைகள் பொருத்திய கைக்கருவி இருக்கிறது. ஓரத்தை உருளைகளுக்கு நடுவில் கொடுத்து இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

வெங்கடகிருஷ்ணனிடம் அந்தக் கருவி மூன்று இருந்தது. முதல் கருவியில் ஓரம் மேடும் பள்ளமுமாக வந்தது; விலை அதிகமான இரண்டாவதை வாங்கினார். அதிலும் அதே மேடு பள்ளம். மூன்றாவதற்கு ஜெர்மனியிலிருந்து ஆர்டர் போட்டார். ஜெர்மன் கருவி அதே மேடு பள்ளத்தை இன்னும் தெளிவாகப் போட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. எக்செல்லில் ஒரு பட்டியல் தயாரித்தார். ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண், ஒரு தேதி, ஒரு நிறம். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் ஏற்கத்தக்கது, சிவப்பு என்றால் ஆபத்து. நூற்றுப் பன்னிரண்டு மேடுகளில் நூற்றுப் பத்தை மஞ்சளிலும் இரண்டைப் பச்சையிலும் போட்டார். அலுவலகத்தில் அவர் எதையும் சிவப்பில் போட்டதில்லை. போட்டால் கூட்டம் கூட்டுவார்கள்.

ஒரு நாள் கேத்தரின் டீ டம்ளரோடு வந்து நின்று, வெங்கடகிருஷ்ணன் வலது இறக்கையின் தகட்டை இழுப்பதைப் பார்த்தார். ஓர் அடி இழுத்தார். நிறுத்தினார். கருவியை ஓரத்திலேயே கவ்வ விட்டுவிட்டு ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார். மறுபடி ஓர் அடி. மறுபடி ஃபோன்.

“ஏன் சார் நிறுத்துறீங்க?”

“எவிடென்ஸ் மேடம். நானே செஞ்சேன்னு காட்டணும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஃபோட்டோ வேணும்.”

“நீங்க நிறுத்துற எடத்துலதான் மேடு விழுது.”

வெங்கடகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். ஓர் அடிக்கு ஒரு மேடு. எண்ணிப் பார்த்தார். மேடுகளும் ஃபோட்டோக்களும் ஒரே எண்ணிக்கை.

“ஒரு தடவை பிடிச்சா கடைசி வரைக்கும் ஒரே இழுப்புல போயிடணும் சார். தாலி கட்டும்போது பாதியில நிறுத்தி ஃபோட்டோ எடுப்பாங்களா?”

“எங்க கல்யாணத்துல எடுத்தாங்க” என்றார் அவர். “மூணாவது முடிச்சு சரியா விழலன்னு திரும்பக் கட்டச் சொன்னாங்க.”

கேத்தரின் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தி சொல்லக் கேட்டால் மாறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெங்கடகிருஷ்ணன் அதை ஆழமாக யோசித்து, ஃபோட்டோவை விட முடியாது, ஆனால் ஓர் அடிக்குப் பதில் ஒன்றரை அடிக்கு ஒரு தரம் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். அப்படியே வலது இறக்கையை முடித்து, ரிவெட்டும் அடித்து மூடினார். மேடு குறைந்துவிட்டதை வரைபடமாகப் போட்டு அலுவலகத்தில் காட்டினார். முப்பத்து மூன்று சதவீத முன்னேற்றம். கை தட்டினார்கள்.

இடது இறக்கைக்கான தகடுகளை வெட்டி வைத்திருந்த சமயத்தில், வாடிக்கையாளரைப் பார்க்க மூன்று வாரம் அமெரிக்கா போக வேண்டி வந்தது. மழைக்காலம். கொட்டகைச் சாவியைக் கேத்தரினிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக அடுகோடிக்குப் போனார். கொட்டகையின் நடுவில் தண்ணீர் தேங்கிக் காய்ந்த கறை. தகடுகளைக் காணோம். பகீரென்றது. பக்கத்துப் பட்டறையில், கேத்தரினின் பெரிய மேஜைமேல் பழைய புடவை விரித்து, அதன்மேல் தகடுகளை வரிசையாகக் கிடத்தியிருந்தது.

“கூரை ஒழுகுச்சு சார். கோவிந்தப்பாகிட்ட சொன்னா, நாளைக்கு பாக்கலாம்னு மூணு வாரமா சொல்றாரு. அதான் இங்க எடுத்து போட்டேன்.”

நன்றி சொல்லிக்கொண்டே ஒரு தகட்டின் ஓரத்தில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிசிறு இல்லை. இன்னும் தடவினார். தகட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தண்ணீர் வடிகிற மாதிரி ஒரே சீராக, ஓர் இம்மி மடிப்பு.

“இது யாரு...”

“நான்தான்” என்றார் கேத்தரின், எங்கோ பார்த்துக்கொண்டு. “மேஜை மேலயே கிடக்குது. வர்றப்போ போறப்போ கண்ணுல படுது. ஓரம் அப்பிடியே கலீஜா இருக்குது. பேஜாராப் போச்சு. ஒரு நாள் கரண்டு இல்ல, மெஷின் ஓடல. உக்காந்து இழுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எட்டுதானே இருந்துச்சு.”

வெங்கடகிருஷ்ணனுக்குக் கண்ணில் நீர் வரும்போல் இருந்தது. அது சந்தோஷமா கோபமா என்று பிரித்துப் பார்க்குமுன் இன்னொரு நினைப்பு வந்துவிட்டது. ஃபோட்டோ இல்லை. இவ்வளவு நல்ல ஓரத்துக்கு ஒரு ஃபோட்டோகூட இல்லை. அதுவும் தான் செய்ததாக.

அந்த வாரக் கடைசியில் தகடுகளைத் தன் கொட்டகைக்கு எடுத்துப்போனார். ஜெர்மன் கருவியை முடிந்த ஓரத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தார். அவற்றைக் கட்டுமானப் பதிவேட்டில் ஏற்றினார். அதோடு விட்டிருக்கலாம். அலுவலக மக்கள் புழங்கும் இணையதளத்தில் ஒரு கட்டுரையும் எழுதினார்: ‘ஒரு அலுமினிய ஓரம் எனக்குக் கற்றுத்தந்த ஏழு தலைமைப் பாடங்கள்’. ஒன்பதாயிரம் பேர் விரும்பினார்கள். துணைத் தலைவர் தன் பக்கத்தில் பகிர்ந்து, ‘பணிவு’ என்று ஒரே சொல்லில் பாராட்டினார்.

ஒரு பிரியாணிக் கம்பெனிக்காரன் கூண்டுக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், இது உங்க பக்கத்துக் கொட்டகை ஆச்சே என்று அந்தக் கட்டுரையைக் கேத்தரினுக்கும் அனுப்பிவிட்டான். சனிக்கிழமை வெங்கடகிருஷ்ணன் வந்து இறங்கியதும் கேத்தரின் குரல் கொடுத்தார்.

“சார், படிச்சேன். அஞ்சாவது பாடம் தப்பு.”

“எது மேடம்?”

“‘ஒவ்வொரு அடியிலும் நின்று திரும்பிப் பார்’னு போட்டிருக்கீங்க. நின்னா மேடு விழும்.”

“மத்ததெல்லாம்?”

“மத்த ஆறும் எனக்குப் புரியல.”

ஓரத்தைத் தானே செய்ததாக வெங்கடகிருஷ்ணன் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்க அவர் பயிற்சி எடுத்தவர். கேத்தரின் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். வெங்கடகிருஷ்ணன் அன்று முழுவதும் ஒரு வேலையும் செய்யாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்த் தமயந்தியிடம் சொன்னபோது, அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்:

“ஆபீஸ்ல பசங்க செஞ்சதை நீங்க செஞ்சதா காட்டுவீங்களே, அப்ப இப்பிடி இருக்குமா?”

“அது வேற. அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“இங்கயும் ஒருத்தருக்குத் தெரியுமே” என்றாள் தமயந்தி, சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டு.

இறக்கைகளை உடலோடு பொருத்துவதற்கு முன் ஒரு பொறியாளர் வந்து பார்வையிட வேண்டும். வந்தவர் ஜானகி. விமானங்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் வேலையைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். காட்டன் புடவை, கால்களில் கான்வாஸ் ஷூ. முன்பே அனுப்பியிருந்த பதிவேட்டை வெங்கடகிருஷ்ணன் லேப்டாப்பில் திறந்து நாற்பது பக்கங்களை ஓட விட்டார். ஜானகி அதைப் பார்க்காமல் இறக்கைகளுக்குப் போனார். வலது இறக்கையின் ஓரத்தில் கட்டை விரலை வைத்து நெடுக நடந்தார். டக், டக், டக் என்று விரல் ஏறி இறங்கியது. பிறகு, மேல் தகடு இன்னும் மூடாமலிருந்த இடது இறக்கைக்கு வந்தார். விரல் நிற்காமல் கோடி வரை போயிற்று. திரும்பி, இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

“வலது யார் செஞ்சது?”

“நான்தான் மேடம்.”

“இடது?”

“அதுவும்... நான்தான். லேர்னிங் கர்வ்.”

ஜானகி தரையில் கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்து மேஜையில் போட்டார். பக்கத்தில் ஜெர்மன் கருவியை வைத்தார். “ரெண்டு அடி இழுத்துக் காட்டுங்க. டீ வர்ற வரைக்கும் பாத்துகிட்டிருக்கேன்.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பட்டறையில் மெஷின் சத்தம் நின்றது. கேத்தரின் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதாக வெங்கடகிருஷ்ணனுக்குத் தோன்றியது. (உண்மையில் அவர் சாப்பிடப் போயிருந்தார்.) கருவியைக் கையில் எடுத்தார். உருளைகளைக் கவ்வ வைத்தார். அரை அடி இழுத்தார். ஃபோட்டோ எடுக்க இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கேயே ஒரு மேடு விழுந்தது.

கருவியைக் கீழே வைத்தார்.

“இடது ரெக்கை ஓரம் நான் செய்யல மேடம். பக்கத்துப் பட்டறைல கேத்தரின்னு ஒருத்தர். அவங்க செஞ்சது.”

பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகும் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது அவருக்கு வியப்பாக இருந்தது.

“தெரியும்” என்றார் ஜானகி. “நீங்க அனுப்புன ஃபோட்டோவுல முப்பத்தெட்டுலயும் கருவியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.”

“அப்ப எதுக்கு மேடம் இழுத்துக் காட்டச் சொன்னீங்க?”

“சொல்றீங்களான்னு பாக்கத்தான்.”

கேத்தரின் சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஜானகி அவரைத் தேடிப் போனார். இரண்டு பேரும் ஒரு புகைக்கூண்டின் மேல் குனிந்து நின்று அரை மணி நேரம் ஓரத்தைப் பற்றிப் பேசினார்கள். எந்த அரம், எத்தனையாம் நம்பர் பேப்பர், கையை எந்தச் சாய்வில் வைப்பது என்று பேச்சு ஓடியது. இரண்டு டீயையும் ஏந்திக்கொண்டு வெங்கடகிருஷ்ணன் பின்னால் நின்றார். டீ ஆறியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது ஜானகி தீர்ப்பைச் சொன்னார். “ஒண்ணு, வலது ரெக்கை மேல் தகட்டைப் பிரிச்சு, புதுத் தகடு போடணும். ஓரம் வாயைப் பொளந்துகிட்டிருக்கு. ரெண்டு, ஒத்தாசைக்கு ஆள் இருந்தா தப்பில்ல, எழுதாம விட்டாத்தான் தப்பு. கட்டினவங்க பேருன்னு ஃபாரத்துல ரெண்டு வரி இருக்கு. ரெண்டாவது வரியை எதுக்கு காலியா விட்டிருக்கீங்க?”

கேத்தரின் கையை ஆட்டினார். “அய்யோ, எனக்கு எதுக்கு மேடம் ஏரோப்ளேன்? இன்னொரு டெம்போ இருந்தா உபயோகம்.”

ஒரு வாரம் கழித்து அவரே சரி என்றார். மூன்று நிபந்தனை போட்டார். தகட்டில் கை வைத்திருக்கும்போது ஃபோன் மேஜை டிராயரில் இருக்க வேண்டும். எக்செல் பட்டியலைத் தன்னிடம் காட்டக் கூடாது. மூன்றாவதைச் சொல்லச் சற்றுத் தயங்கினார். “அந்தக் கட்டுரையில ஒரு வரி சேத்துடுங்க சார். யார் செஞ்சதுன்னு.”

வெங்கடகிருஷ்ணன் வரி சேர்க்கவில்லை, புதிதாகவே எழுதினார். அந்த ஓரத்தை நான் செய்யவில்லை, அடுகோடி கேத்தரின் செய்தார், நான் கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன் என்று நாலே வரி. பாடம் எதுவும் போடவில்லை. பதினோரு பேர் விரும்பினார்கள். துணைத் தலைவர் அன்று மாலையே அழைத்து, “வெளிப்படைத்தன்மை நல்லதுதான், ஆனா அதுக்கு ஒரு நேரம் காலம் இருக்கு” என்றார். அடுத்த அழைப்பில் வாடிக்கையாளர் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகத் தாமதமான வேலைக்கு வந்துவிட்டார்.

வலது இறக்கையைப் பிரிப்பது கட்டியதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் துளைபோட்டு எடுக்க வேண்டும். கேத்தரின் அதில் கை வைக்கவில்லை. “நீங்க அடிச்சது, நீங்களே எடுங்க” என்று சொல்லிவிட்டார். ஏழு சனிக்கிழமைகள் ஆயின. இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு புதுத் தகட்டை மேஜையில் போட்டு, ஃபோனை டிராயரில் வைத்துவிட்டு, வெட்டுத் துண்டுகளில் இழுத்து இழுத்துப் பழகினார். கேத்தரின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கவெல்லாம் இல்லை; அவருக்கு வேலை இருந்தது. போகிற போக்கில் ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்ப்பார். நன்றாக இல்லையென்றால் குப்பைத் தொட்டியில் போடுவார். நாற்பதாவதோ நாற்பத்தோராவதோ துண்டைத் தடவிவிட்டு மேஜையிலேயே திரும்ப வைத்தார். வெங்கடகிருஷ்ணன் அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தமயந்தியிடம் கொடுத்தார். அவளும் விரலால் தடவிப் பார்த்தாள். “கிழிக்கல” என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கப்புறம் ஒன்றரை வருடம். எஞ்சின் வந்தது, கண்ணாடி வந்தது, வயர்கள் வந்தன. கடைசிப் பார்வையிடலில் எல்லாவற்றையும் சரி பார்த்த ஜானகி, கையெழுத்துப் போடும் முன் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

“ஆமா, இதை யார் ஓட்டப் போறது?”

வெங்கடகிருஷ்ணன் கேத்தரினைப் பார்த்தார். கேத்தரின் அவரைப் பார்த்தார். ஐந்நூறு பக்கக் கையேட்டில் அந்தக் கேள்வி எங்குமே வரவில்லை. கட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியும் என்று எழுதினவன் தானாக நினைத்துக்கொண்டுவிட்டான்.

ஜானகிதான் அப்பாதுரையைப் பிடித்துக் கொடுத்தார். பயிற்சிப் பள்ளிகளில் விமானம் ஓட்டிப் பழக்கியவர். அதிகம் பேச மாட்டார். ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்துக்கு விமானத்தை லாரியில் கொண்டுபோய், அங்கே இறக்கைகளை மாட்டினார்கள். முதல் பறப்பில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று ஜானகி சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வெங்கடகிருஷ்ணன் மனதுக்குள் நிம்மதிப்பட்டார். வெளியே வருத்தப்பட்டார்.

காலை ஏழு மணிக்கு அது ஓடியது, மூக்கைத் தூக்கியது, ஏறியது. தமயந்தி வெங்கடகிருஷ்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கேத்தரின் சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு நிமிடம் வட்டம் அடித்துவிட்டு இறங்கி, நேராக அவர்களிடம் வந்து நின்றது.

அப்பாதுரை கீழே குதித்தார். “பரவாயில்ல. கையை விட்டா மட்டும் வலது பக்கம் லேசா சாயுது.”

“அது நான் செஞ்ச ரெக்கை” என்றார் வெங்கடகிருஷ்ணன். விழுந்துவிடாமல் வந்ததே போதும் என்கிற மாதிரி அதில் ஒரு பெருமை.

ஜானகிக்கு இது பழகிய நோய். இறக்கையின் பின்னால் மேலும் கீழும் அசைகிற மடல் ஒன்று இருக்கிறது. சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், அந்த மடலின் பின் ஓரத்தை மரச்சட்டம் வைத்து ஓர் இம்மி அழுத்திவிட்டால் சாய்வு நேராகிவிடும் என்றார்.

“எதிர்ப் பக்கம்னா?” என்று கேட்டார் கேத்தரின்.

“இடது.”

“இது என்ன நியாயம் மேடம்? தப்பு அவர் பக்கம், அழுத்துறது என் பக்கமா?”

“எங்க ஆபீஸ்ல அப்பிடித்தான்” என்றார் வெங்கடகிருஷ்ணன். தன்னையறியாமல் சொல்லிவிட்டார். தமயந்தி முதலில் சிரித்தாள். அப்புறம் அப்பாதுரைகூடச் சிரித்தார்.

கேத்தரின் சிரிக்கவில்லை. இடது மடலின் ஓரத்தைக் கோடியிலிருந்து கோடி வரை தடவிப் பார்த்தார். லாரியில் கிடந்த மரச்சட்டத்தை எடுத்து வந்து வெங்கடகிருஷ்ணனின் கையில் கொடுத்தார்.

“என் கையால அதைக் கெடுக்க மாட்டேன். நீங்களே அழுத்துங்க. பாத்து.”

அவர் புல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். சட்டத்தை ஓரத்தில் பொருத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே அழுத்தத்தில், நிற்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போனார். முடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு. கேத்தரின் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டு, குனிந்து விரலால் தடவினார். நகர்ந்து வழி விட்டார்.

அப்பாதுரை மறுபடி ஏறிப் போனார். இந்த முறை இருபது நிமிடம். இறங்கி வந்தவர் சாய்வைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. சீட்டு முதுகைக் குத்துகிறது, பஞ்சு கொஞ்சம் கூட வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.